வேலூர் நடராஜ முதலியாரும் ஊமைப் படங்களும்

பெருமை பேசுதல் எளிது, பேணுதல் அரிது. நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டங்களிலே முன்னோர் பெயர்களை நிரல்படக் கூறி மகிழ்தல் நெடுநாளைய வழக்கம். அந்நிரலில் வேலூர் ஆர். நடராஜ முதலியார் பெயர் தவறாது இடம்பெறும். தென்னாட்டில் முதன்முதலாகக் கதைப்படம் எடுத்தவர் அவர் என்னும் ஒரு வாக்கியத்தோடு பேச்சு முடியும். கைதட்டலும் எழுந்து அடங்கும். அவர் அப்படத்தை எங்ஙனம் எடுத்தார், எவரெவர் துணைநின்றனர், எடுத்த படங்கள் பின் என்னாயின என்று இளைஞரொருவர் எழுந்து வினவுவாராயின், விடை கூற வல்லார் நம்மிற் சிலரே. அக்குறை சிறிதேனும் நீங்குமாறு யாம் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கப் புகுகின்றோம்.

முதற்கண் ஒன்று கூறுதும். முதலியார் என்பது தொண்டை நாட்டு மரபினர் பலர்க்கும் பொதுவாய பட்டம். நம் சங்கத்தாரும் அப்பட்டம் உடையராதலின் அவரை நம்மவரென உரிமை பாராட்டுகின்றோம். பிற கிளையினரும் அங்ஙனமே பாராட்டுவர். அதனை வழக்காடித் தீர்த்தல் எம் நோக்கமன்று. ஒருவர் செயலை அறிந்து பேணுவார்க்கே அவரை உரிமை பாராட்டத் தகுதி உண்டென்பது எம் துணிபு.

வாணிகமும் புதுப்பொறியும்

நடராஜ முதலியார் 1885ஆம் ஆண்டில் வேலூரிற் பிறந்தார். சென்னையில் தம் உறவினராகிய எஸ். எம். தர்மலிங்க முதலியாரொடு கூடிப் பைசிகிள் விற்கும் வாணிகத்தை முதலில் மேற்கொண்டார். 1911ஆம் ஆண்டில் இருவரும் ரோமர் டான் என்னும் கம்பெனியை வாங்கி, அமெரிக்க மோட்டார் கார்களை வருவித்து விற்கலாயினர். மாட்டு வண்டியும் ஜட்காவுமே தெருவை நிறைத்திருந்த அக்காலத்தில் மோட்டார் விற்றல் வெறுங்கொடுக்கல் வாங்கல் ஆகாது. கண்டறியாப் பொறியைத் தாம் முதற்கண் உணர்ந்து, பழுது நீக்கும் முறை அறிந்து, அஞ்சி நிற்கும் செல்வர்க்கு நம்பிக்கை ஊட்டி விற்றல் வேண்டும். இத்தேர்ச்சியே பின்னாளில் அவர்க்குக் கைகொடுத்தது என யாம் கருதுகின்றோம்.

அந்நாளில் சலனப்படம் நம் நாட்டிற்கு முற்றும் புதியதன்று. திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார் 1905ஆம் ஆண்டில் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படங்காட்டும் பொறியை விலைக்கு வாங்கி, ஊர்தோறும் கூடாரமடித்துக் காட்டி வந்தார். ரகுபதி வெங்கய்யா 1914ஆம் ஆண்டில் சென்னையில் கெயிட்டி என்னும் கொட்டகையை எழுப்பினார். எனினும் காட்டப்பெற்றவை பெரும்பாலும் மேனாட்டுப் படங்களே. 1913ஆம் ஆண்டில் தாதாசாகேப் பால்கே என்னும் மகாராட்டிரப் பெரியார் பம்பாயில் ராஜா ஹரிச்சந்திரா என்னும் படத்தை வெளியிட்டார். நம் நாட்டுக் கதையை நம் நாட்டாரே நடித்துக் காட்டிய பால்கேயின் படங்களைக் கண்ட நடராஜ முதலியாருக்கு, இதனை நாமும் செய்யலாகாதோ என்னும் வேட்கை பிறந்தது.

வேட்கை பிறத்தல் யார்க்கும் இயல்பு. அவர் அதனோடு நில்லாது தொழில் கற்கச் சென்றார். ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர், கர்சன் பிரபுவைப் பற்றிய படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர், புனாவில் இருந்தார். நடராஜ முதலியார் அவரை நாடிக் காமிராவை இயக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். முப்பது வயதைக் கடந்த ஒரு வணிகர், நடந்துகொண்டிருக்கும் தொழிலை வைத்துக்கொண்டே மாணாக்கராகிப் பிறிதொரு தொழிலின் அரிச்சுவடியைக் கற்றார் என்பதை நம் இளைஞர்கள் உள்ளத்திற் பதித்தல் வேண்டும்.

புரசைவாக்கத்து ஸ்டூடியோ

1917ஆம் ஆண்டில் தஞ்சைப் பக்கத்துப் பெருநிலக்கிழார் ஒருவரிடமிருந்து காமிராவையும் படம் அச்சிடும் பொறியையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். நண்பர்களின் முதலையும் சேர்த்து இந்தியா பிலிம் கம்பெனி என்னும் நிலையத்தைத் தோற்றுவித்து, சென்னைப் புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டூடியோ அமைத்தார். தென்னாட்டுப் பட ஸ்டூடியோக்களின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகின்றது. பிற்காலத்தில் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ், சென்னை ஜெமினி, ஏ. வி. எம். முதலிய பெருநிலையங்களில் நூற்றுக்கணக்கானோர் மாதச் சம்பளம் பெற்றுப் பணிபுரிந்தனர். டைரக்டர் வேறு, படம் பிடிப்போர் வேறு, வெட்டி ஒட்டுவோர் வேறு என வேலை பகுக்கப்பட்டிருந்தது. நடராஜ முதலியாரோ முதலாளியும் தாமே, டைரக்டரும் தாமே, காமிராவின் கைப்பிடியைச் சுழற்றியவரும் தாமே, படத்தை வெட்டி ஒட்டியவரும் தாமே.

அந்த ஸ்டூடியோவில் மின்விளக்கால் ஒளியூட்டும் வசதி இல்லை. கதிரவன் ஒளியே ஒளி. சென்னை வெயில் நேரே முகத்தில் விழின் நிழல் கரிய கோடாய்ப் படியுமாதலின், மேலே வெள்ளைத் துணியை விதானமாகக் கட்டி ஒளியைத் தணித்துப் படம் பிடித்தனர். காமிராவைக் கையாற் சுழற்றுதலில் ஒரு சீர் வேண்டும். நொடிக்கு 16 படம் வீதம் பதிவாதல் முறை. கை விரைந்தால் திரையில் நடிப்போர் தளர்நடை நடப்பர். கை தளர்ந்தால் திரையில் அவர் பறப்பர். ஓரடி நீளப் பிலிமில் 16 படங்கள் அடங்குமாதலின் நொடிக்கு ஓரடி செலவாகும். கீசக வதத்தின் நீளம் 6,000 அடி. எனவே அது 100 நிமிடம் ஓடுவது. அதன்கண் 96,000 சிறு படங்கள் அமைந்திருந்தன என்று நம் பள்ளிச் சிறுவரும் கணக்கிட்டறியலாம்.

ஏலகிரி அடிவாரத்தைக் கடந்த படச்சுருள்

பிடித்த பிலிமை மருந்துநீரில் தோய்த்து உருவத்தை வெளிப்படுத்தல் அடுத்த வேலை. ஈண்டுத்தான் சென்னையின் வெப்பம் குறுக்கிட்டது. பிலிமின்மேற் பூசப்பட்டிருப்பது வெள்ளியுப்புக் கலந்த ஜெலட்டின். அஃது என்னவெனின், மாட்டின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிலை அறிந்த நம்மவர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. தச்சர் பயன்படுத்தும் வச்சிரப் பசையின் தூய வடிவே அஃதென்று கொள்க. வெந்நீரில் வச்சிரம் இளகுமாறு போல, வெப்பமான மருந்துநீரில் ஜெலட்டினும் ஊதி நெகிழும், உருவம் சிதையும், சில வேளை முற்றும் உரிந்து போகும்.

இதற்கு நடராஜ முதலியார் கண்ட வழி, குளிர்ந்த ஊராகிய பெங்களூரில் இரசாயனசாலை அமைத்தலே. கடல்மட்டத்திற்கு 3,000 அடி உயர்ந்த ஊர் அது. மலைமேல் ஊர்க்கும் கீழ்நாட்டிற்கும் தட்பவெப்பத்தில் எத்துணை வேறுபாடு உண்டென்பதை ஏலகிரியில் வாழ்வாரும் அங்கு ஏறிச் சென்றாரும் நன்கறிவர். வாரந்தோறும் பிடித்த பிலிமை எடுத்துக்கொண்டு பெங்களூர் சென்று, அங்கிருந்த நாராயணசாமி ஆசாரி என்பாரின் துணையோடு உருவேற்றி, பின் சென்னைக்கு மீள்வார்.

சென்னை பெங்களூர் இருப்புப்பாதை காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஏலகிரி மலையை ஒட்டி ஜோலார்பேட்டையை அடைந்து, அங்கிருந்து மேற்கே பிரிகின்றது. அக்கிளை 1864ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. ஆகலின் தமிழ்நாட்டின் முதற்கதைப்படம் உருப்பெறச் சென்றதும் உருப்பெற்று மீண்டதும் நம் ஊர்ப் புகைவண்டிப் பாதையிலேயே. அவ்வண்டியை நாள்தோறும் நோக்கிய நம் பாட்டன்மார் ஒருவரேனும் அதனுட் செல்வது இன்னதென்று அறிந்திரார். பிடித்தது நன்கு வந்ததோ கெட்டதோ என்பதை 200 மைல் கடந்தபின்னரே அறியக்கூடிய நிலையில், அடுத்த வாரத்துப் படப்பிடிப்பிற்கு நம்பிக்கையோடு திரும்பிய அவ்வுள்ளத்தின் உறுதியை எண்ணுமின்.

கீசக வதம்

எடுத்துக்கொண்ட கதை பாரதத்து விராட பருவத்துள் வருவது. வில்லிபுத்தூரார் பாரதம் கற்றோர்க்கும், நம் வட ஆர்க்காட்டுப் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் நிகழும் தெருக்கூத்தைக் கண்டோர்க்கும் கீசகன் கதை புதியதன்று. பேச்சில்லாப் படத்திற்குக் கதை முன்னரே தெரிந்திருத்தல் பேருதவி. நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரிடம் நடராஜ முதலியார் கலந்தபோது, அவர் இக்கதையையே எடுக்கத் தூண்டினார். பிறன்மனை நயந்தானது கொலையை முதற்படத்திற் காட்டுதல் தகுமோ என உறவினர் சிலர் தடுத்தனராயினும், பம்மலாரின் சொல்லே வென்றது. திரைக்கேற்பக் கதையை அமைத்தவர் சி. ரங்கவடிவேலு, பம்மலாரின் சுகுண விலாச சபையில் பெண்வேடம் பூண்டு புகழ்பெற்ற வக்கீல் அவர்.

இக்கதைக்கு வடக்கே வேறொரு வரலாறும் உண்டு. காடில்கர் என்பார் 1907ஆம் ஆண்டில் மராத்தியில் கீசக வதம் என்னும் நாடகம் இயற்றினார். கீசகன் என்று கர்சன் பிரபுவையே குறித்தார் எனக் கருதிய ஆங்கில அரசினர் 1910ஆம் ஆண்டில் அதனைத் தடைசெய்தனர். கர்சனைப் படம்பிடித்த ஆசிரியரிடம் தொழில் கற்ற நடராஜ முதலியார் அக்கதையையே முதற்படமாக்கியது வியத்தற்குரிய பொருத்தம். அவர் உள்ளத்தில் அரசியற் கருத்து இருந்ததென்று கூற எமக்குச் சான்றில்லை. பொருத்தத்தை மட்டுமே குறித்தோம்.

கீசகனாக ராஜு முதலியாரும் திரௌபதியாக ஜீவரத்தினம் என்னும் நாடக நடிகையாரும் நடித்தனர். பால்கே தம் முதற்படத்தில் நடிக்கப் பெண்டிர் கிடையாமையால் சாளுங்கே என்னும் ஆடவரைக் கொண்டு தாராமதி வேடத்தை நடத்தினார் என்பதை நோக்க, ஜீவரத்தினத்தின் துணிவு பெரிதும் போற்றத்தக்கது. நல்ல குடியினர் காமிராவின் முன் நில்லார் என்று கருதப்பட்ட காலம் அது.

படப்பிடிப்பு ஏறக்குறைய 5 வாரங்களில் நிறைவுற்றது. ஊமைப் படமாதலின் இடையிடையே எழுத்துப் பலகைகள் தோன்றிக் கதையைக் கூறும். தமிழ், ஆங்கில வாசகங்களைப் பச்சையப்பன் கல்லூரியைச் சார்ந்த குருசாமி முதலியார், திருவேங்கட முதலியார் ஆகியோர் துணையொடு அமைத்தனர். ஹிந்தி வாசகங்களை எழுதியவர் காந்தியடிகளின் புதல்வர் தேவதாஸ் காந்தி. படிக்கத் தெரியாத மக்கட்குக் கொட்டகையில் ஒருவர் திரையருகே நின்று உரக்கச் சொல்லி விளக்குதல் அக்காலத்து வழக்கம். தமிழ் எழுத்துக்கள் கதைப்படத்தோடு கூடித் திரையேறியது அன்றே என்னும் எண்ணம், தமிழ் கற்பிக்குந் தொழிலை உடைய எமக்குத் தனி மகிழ்ச்சி தருகின்றது.

1918ஆம் ஆண்டில் சென்னை எல்பின்ஸ்டன் கொட்டகையில் படம் காட்டப்பெற்றது. செலவு 35,000 ரூபாய். வரவு 50,000 ரூபாய். ஆதாயம் 15,000 ரூபாய். இந்தியாவில் மட்டுமன்றிப் பர்மா, இலங்கை, மலாய் நாடு, சிங்கப்பூர் ஆகிய இடங்களிலும் அது காட்டப்பெற்றது. கடல்கடந்து உழைத்த தமிழர், பிறந்த மண்ணின் கதையைத் திரையிற் கண்டு பெற்ற ஆறுதலுக்கு ரூபாய்க் கணக்குப் போதாது.

பின்னர் வந்த படங்களும் ஓய்வும்

தொடர்ந்து திரௌபதி வஸ்திராபஹரணம், லவகுசா, ருக்மிணி சத்தியபாமா, மார்க்கண்டேயா, மயில்ராவணன் முதலிய படங்களை நடராஜ முதலியார் எடுத்தார். திரௌபதி வஸ்திராபஹரணத்தில் வயலட் பெர்ரி என்னும் ஆங்கிலோ இந்திய நங்கை திரௌபதியாக நடித்தார். ஊமைப் படமாதலின் அவர்தம் தமிழ் உச்சரிப்பை எவரும் குறைகூற வேண்டியிராது. முகமும் கையுமே மொழியாயின.

வெற்றி நீளவில்லை. ஸ்டூடியோவில் தீ விபத்து நேர்ந்தது, மகனையும் இழந்தார். 1923ஆம் ஆண்டோடு படத்தொழிலை விட்டு விலகினார். ஆறேழு ஆண்டுகளே அத்தொழிலில் இருந்தவர், அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு உயிர்வாழ்ந்து, 1971ஆம் ஆண்டில் மறைந்தார். 1931ஆம் ஆண்டில் காளிதாஸ் வெளிவந்து படம் பேசலாயிற்று, ஸ்டூடியோக்கள் பெருகின, டைரக்டர் என்னும் பெயர் நாடறிந்ததாயிற்று, நடிகர் நாடாளும் காலமும் அணித்தாயிற்று. இவையனைத்தும் அவர் வாழ்நாளிலேயே நிகழ்ந்தன.

இழந்ததும் காக்கவேண்டியதும்

அன்பர்காள்! அந்த 96,000 சிறு படங்களுள் ஒன்றேனும் இன்று ஓடும் படமாகக் காணக் கிடைப்பதில்லை. கீசக வதத்தின் படச்சுருள் இருக்குமிடம் எவர்க்கும் தெரியாது. இந்தியாவில் எடுக்கப்பெற்ற ஊமைப் படங்கள் 1,300க்கு மேற்பட்டன என்றும், எஞ்சியவை 30க்கும் குறைவு என்றும் ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர். காரணம் பல. அக்காலத்துப் பிலிம் நைட்ரேட் என்னும் பொருளாலாயது. தீப்பற்றின் நீர் ஊற்றியும் அவியாது, தன்னுள்ளிருந்தே தீக்கு வேண்டும் பிராணவாயுவைத் தரும். தீக்குத் தப்பினும் வெப்பத்தில் மஞ்சளித்துப் பிசுபிசுத்து ஈற்றில் தூளாகும். இவற்றுக்குத் தப்பியவற்றையும், ஓடி ஓய்ந்த படத்தால் என்ன பயன் என்று, அதன்கண் உள்ள வெள்ளிக்காகக் கரைத்தோர் உளர்.

நம் பகுதியினர்க்கு ஓர் உவமை கூறுதும். பச்சைத் தோலை உப்பிட்டு வையாவிடின் அன்றே கெடத் தொடங்கும். ஆவாரம்பட்டை நீரில் முறையாகப் பதனிட்டால் நெடுங்காலம் நிற்கும். தோல் ஒன்றே, கவனம் வேறு. தோலினின்று வந்த ஜெலட்டின் பூசிய பிலிமுக்கும் இது பொருந்தும். குளிர்ந்த, உலர்ந்த அறையில் வைத்த சுருள்கள் நூறாண்டு கடந்தும் உலகின் பல காப்பகங்களில் உள்ளன.

தென்னாட்டு ஊமைப் படங்களுள் எஞ்சியவற்றில் ஒன்று மார்த்தாண்ட வர்மா. நாகர்கோவில் சுந்தர்ராஜ் என்பார் தயாரித்து 1933ஆம் ஆண்டில் வெளியிட்டது. மூலநாவலின் உரிமை பற்றிப் பதிப்பகத்தார் வழக்குத் தொடுத்தமையால் படம் முடக்கப்பட்டு, பதிப்பகத்தாரிடமே கிடந்தது. 1974ஆம் ஆண்டில் புனாத் தேசியத் திரைப்படக் காப்பகத்தார் அதனை மீட்டனர். அன்பால் எவரும் காவாத படத்தை வழக்கு காத்தது! 1964ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அக்காப்பகம், நடராஜ முதலியார் தொழில் கற்ற அதே புனாவில் இருப்பது, அவர் படத்தைப் பற்றிய நம் வருத்தத்தை மிகுவிக்கின்றது.

இவ்வரலாற்றில் வந்த பெயர்களை மீண்டும் ஒருமுறை நோக்குக. ஆங்கிலேய ஆசிரியர், ஆசாரி, நாடக மாது, ஆங்கிலோ இந்திய நங்கை, வக்கீல், கல்லூரியார், குஜராத்தி இளைஞர். இத்தனை பேர் கூடியன்றோ அப்படங்கள் ஆயின? நம்மவர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றையோரை மறப்போமாயின், படச்சுருளை இழந்தது போதாதென்று வரலாற்றையும் சிதைத்தவராவோம். ஜீவரத்தினம் என்னும் பெயர் சங்கக் கூட்டங்களில் நடராஜ முதலியார் பெயரோடு ஒருங்கே ஒலித்தல் வேண்டும்.

இனி நாம் செய்யவேண்டுவது யாது? வேலூர், ஆம்பூர், திருப்பத்தூர்ப் பக்கத்து நம் இல்லங்களிலே பரண்மேலும் பழைய பெட்டிகளிலும் கிடக்கும் கடிதம், கணக்குப் புத்தகம், கொட்டகை விளம்பரத் தாள், புகைப்படம் ஆகியவற்றைப் பழந்தாள் வாங்குவோர்க்கு நிறுத்துப் போடுமுன் ஒருமுறை பாருங்கள். புகைப்படத்தின் பின்புறத்தே பென்சிலால் பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து வையுங்கள். பாட்டியார் உயிரோடிருக்கும் இன்றே கேட்டுக் குறியுங்கள், நாளை கேட்பதற்கு ஆளிராது. பழைய படச்சுருள் எதுவேனும் அகப்படின் பிரித்துப் பாராமல், விளக்கும் அடுப்பும் அணுகாத குளிர்ந்த இடத்தில் வைத்து, புனாக் காப்பகத்தார்க்கு எழுதுங்கள். பிற தாள்களின் படியைச் சங்கத்திற்கு அனுப்பின், முறையாகத் தொகுத்து வைத்தல் சங்கத்தார் கடனாகும்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் நடராஜ முதலியார் பெயர் கூறப்படும்போது, கைதட்டலோடு நில்லாமல், எங்கள் வீட்டில் இஃது இருந்தது என்று ஒரு தாளையேனும் ஏந்தி ஒருவர் எழுவாராக. அதுவே அவர்க்கு நாம் செய்யும் சிறப்பாம்.